ஊதிக் காட்டு, பார்ப்பம்: பிள்ளைகளின் மூச்சை அளந்த கதை

ஒரு பிள்ளையின் மூக்கை கிளிப்பால் அடைக்கிறார்கள். வாயில் ஒரு குழாய். 'நல்லா மூச்சை உள்ள இழு, இழு, இழு... இப்ப ஊது! ஊது, ஊது, ஊது, விடாத!' எண்டு தொழினுட்பவியலாளர் கிட்டத்தட்டக் கத்துகிறார். கணினித் திரையில் பிறந்தநாள் கேக்கில் எரிகிற மெழுகுவர்த்திகள். பிள்ளை பலமாக ஊதினால் அவை ஒவ்வொன்றாக அணையும். மூன்று தரம், நாலு தரம், சிலவேளை எட்டுத் தரம் இதைச் செய்ய வேணும். கடைசியில் ஒரு கடதாசி வெளியே வரும். அதில் ஒரு வளைகோடு, பக்கத்தில் சில எண்கள். அவற்றில் டொக்டர் முதலில் பார்ப்பது இப்படி இருக்கும்: எதிர்பார்த்த அளவில் நூற்றுக்கு 78.

இந்தக் கட்டுரையில் எங்களுக்கு இருக்கிற கேள்வி ஒன்றுதான். எதிர்பார்த்தது ஆர்?

பிள்ளை ஊதின காற்று எத்தனை லீற்றர் எண்டு இயந்திரம் அளக்கும், அதில் பெரிய பிரச்சினை இல்லை. 3 லீற்றர் கொள்ளும் ஒரு பெரிய சிரிஞ்சால் காற்றைத் தள்ளி, இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா எண்டு பரிசோதிக்கலாம். ஆனால் 'இந்தப் பிள்ளை இவ்வளவு ஊத வேணும்' எண்ட எதிர்பார்ப்பை இயந்திரம் அளப்பதில்லை. அது முன்பே யாரோ, எங்கோ, வேறு யாருடைய மூச்சையோ அளந்து எழுதி வைத்த கணக்கு. தலசீமியா, இரத்தப் புற்றுநோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், தசைநார் நோய்கள் போன்ற பாரதூரமான வருத்தங்களோட வாழும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு சின்ன விசயம் இல்லை. மருந்தைக் கூட்டுவதா, சிகிச்சையை நிறுத்துவதா, சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பெயர் எழுதுவதா எண்டு முடிவெடுக்கேக்க அந்த எண் மேசையில் இருக்கும். ஆகவே அந்தக் கணக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பம்.

காப்புறுதிக்காரரின் வாளி

ஜோன் ஹச்சின்சன் எண்ட ஆங்கிலேய வைத்தியர் 1846 இல் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். அவருடைய கருவி பார்க்க எளிமையானது: தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம், அதைச் சமநிலையில் வைத்திருக்கும் எடைகள், ஒரு குழாய். ஊதினால் பாத்திரம் மேலே எழும். எவ்வளவு எழுந்தது எண்டு அளவுகோலில் வாசிக்கலாம். அதுக்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்பைரோமீற்றர். முழுதாக மூச்சை இழுத்து, முழுதாக ஊதும்போது வெளியே வரும் காற்றின் அளவுக்கு 'உயிர்க் கொள்ளளவு' எண்டு பெயர் வைத்தவரும் அவர்தான். எங்கட பாடசாலை உயிரியல் புத்தகத்தில் படிச்சமே, அதே உயிர்க் கொள்ளளவு.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை அவர் ஊத வைத்தார். கடற்படையாட்கள், பொலிஸ்காரர், தீயணைப்புக்காரர், அச்சுத் தொழிலாளர், மல்யுத்தக்காரர், ஏழைகள், கனவான்கள் எண்டு பெரிய பட்டியல். கண்டுபிடித்த முக்கியமான விசயம்: உயரம் கூடக் கூடக் கொள்ளளவும் கூடுகிறது. ஐந்து அடிக்கும் ஆறு அடிக்கும் இடையில், ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் 8 கன அங்குலக் காற்று. வயது போகப் போக அது குறைகிறது. ஒரு ஆளின் உயரம் தெரிந்தால் அவர் எவ்வளவு ஊத வேணும் எண்டு முன்கூட்டியே சொல்லலாம். 'எதிர்பார்த்த அளவு' எண்ட எண்ணம் இங்கேதான் பிறந்தது.

இது ஆருக்குத் தேவைப்பட்டது? ஹச்சின்சன் ஒரு ஆயுள் காப்புறுதிக் கம்பனியின் வைத்தியராகவும் இருந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் காசநோய் சனத்தைக் கொன்றுகொண்டிருந்தது. வெளியில் சுகதேகியாகத் தெரியும் ஆளுக்கு உள்ளே சுவாசப்பை கெட்டுப்போய் இருக்கலாம். அதை முன்பே கண்டுபிடித்தால் கம்பனிக்கு நட்டம் இல்லை. நோயாளியைக் குணமாக்க அந்தக் காலத்தில் மருந்து இருக்கவில்லை. ஆகவே இந்தக் கருவி பிறக்கும்போதே இரண்டு வேலைகளோட பிறந்தது: ஒன்று நோயைக் கண்டுபிடிப்பது, மற்றது ஆருக்குக் காசு குடுக்கலாம் எண்டு பிரிப்பது. அந்த இரண்டாவது வேலை இன்றுவரைக்கும் அதை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கோ. அவர் அளந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். பிள்ளைகள் அந்தக் கதையில் கிட்டத்தட்ட இல்லை.

தோட்ட முதலாளியின் கணக்கு

ஹச்சின்சனின் கருவி அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதற்காக ஒரு எண்ணம் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. கறுப்பின மக்களின் சுவாசப்பை அமைப்பு வேறு மாதிரி இருக்கலாம் எண்டு தோமஸ் ஜெபர்சன் வேர்ஜினியாவைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், அதே நேரம் அடிமைகளை வைத்திருந்தவர்.

தென் மாநிலங்களில் வைத்தியம் பார்த்த சாமுவேல் கார்ட்ரைட் அந்த எண்ணத்துக்கு எண் குடுத்தார். ஸ்பைரோமீற்றரைப் பயன்படுத்தி, கறுப்பினத்தவரின் சுவாசக் கொள்ளளவு வெள்ளையரை விட நூற்றுக்கு 20 குறைவு எண்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவைக் கேளுங்கோ: ஆகவே அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது அவர்களின் உடம்புக்கு நல்லது, அப்போதுதான் இரத்தத்துக்குக் காற்றுச் சேரும். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் எண்டு பெயர் வைத்து 1851 இல் எழுதியவரும் இதே ஆள்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1869 இல், பெஞ்சமின் கூல்ட் எண்ட வானியலாளர் ஆயிரக்கணக்கான படையாட்களின் உடல் அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதிலும் கறுப்பினப் படையாட்களின் கொள்ளளவு குறைவாக இருந்தது. அவர்கள் எந்த வீட்டில் பிறந்தார்கள், என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள், எந்த வேலை செய்தார்கள், என்னென்ன வருத்தம் வந்து போனது எண்ட கேள்விகள் கணக்கில் வரவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவனின் நெஞ்சையும், வயிறாறச் சாப்பிட்டு வளர்ந்தவனின் நெஞ்சையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இரத்தத்தில் இருக்கிறது எண்டு எழுதினார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் லண்டி பிரவுன் 2014 இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாதையை விரிவாகக் காட்டியிருக்கிறார். அடிமைத்தனத்தை நியாயப்படுத்த எழுதின எண், பிறகு சாதாரண மருத்துவ அறிவாக மாறி, கடைசியில் இயந்திரத்தின் மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கறுப்பினத்தவர் எண்டு தெரிவு செய்தால் எதிர்பார்த்த அளவை 10 முதல் 15 சதவீதம் வரை குறைக்கும், ஆசியர் எண்டால் 4 முதல் 6 சதவீதம் வரை குறைக்கும். பல வைத்தியர்களுக்கு இப்படி ஒரு திருத்தம் நடக்கிறது எண்டே தெரியாது. வரவேற்பு மேசையில் ஆரோ ஒரு பட்டனை அழுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அது ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும்? நாங்கள் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்பம். ஒரு பிள்ளை 1.5 லீற்றர் ஊதுகிறது. அந்த உயரத்துக்கும் வயதுக்கும் எதிர்பார்த்தது 2 லீற்றர். அப்ப நூற்றுக்கு 75. வழமையாகப் பார்க்கிற 80 எண்ட கோட்டுக்குக் கீழே, கவனிக்க வேண்டிய பிள்ளை. இப்ப இனத் திருத்தம் எண்டு 15 சதவீதத்தைக் கழியுங்கோ. எதிர்பார்த்தது 1.7 லீற்றர் ஆகிவிடும். அதே பிள்ளை, அதே மூச்சு, ஆனால் நூற்றுக்கு 88. 'பிரச்சினை இல்லை, வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ.' பிள்ளையின் சுவாசப்பையில் ஒன்றும் மாறவில்லை, கடதாசிதான் மாறியது.

ஒரே மூச்சில் எண்ணு

பிள்ளைகள் இந்த வரலாற்றுக்குள் பெருமளவில் வந்தது இளம்பிள்ளைவாதத்தோட. போலியோ கிருமி சுவாசப்பையைத் தாக்குவதில்லை. மூச்சை இழுக்கும் தசைகளை இயக்கும் நரம்புகளைத் தாக்கும். சுவாசப்பை நல்லா இருக்கும், ஆனால் அதை விரிக்க ஆள் இல்லை.

1952 கோடையில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. பிளெக்டாம் வைத்தியசாலையில் ஒரே ஒரு இரும்புச் சுவாசப்பை இயந்திரமும், நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் சிறிய கருவிகள் ஆறும்தான் இருந்தன. முதல் மூன்று கிழமைக்குள் அந்தக் கருவிகளில் வைத்துச் சிகிச்சை பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் இரத்தத்தில் காபனீரொட்சைட்டோட சேர்ந்த பொருள் கூடியிருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அதை உடம்பில் காரத்தன்மை கூடியதின் அறிகுறி எண்டு விளங்கிக்கொண்டார்கள். மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் வேறு மாதிரி வாசித்தார்: இது காரம் இல்லை, மூச்சு போதாததால் வெளியேற முடியாமல் தேங்கின காபனீரொட்சைட்டு. இந்தப் பிள்ளைகள் கிருமியால் சாகவில்லை, மூச்சு போதாமல் சாகிறார்கள்.

ஓகஸ்ட் 27 ஆம் திகதி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ஒரு இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவர் காற்றைச் செலுத்தினார். பிள்ளை பிழைத்தது. பிறகு நடந்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வமானது. ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பிள்ளைகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பையை அமுக்கினார்கள். எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு ஏறத்தாழ பாதியாக இறங்கியது. அதே வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்த போல் ஆஸ்ட்ரப், இரத்தத்தின் அமிலத்தன்மையையும் வாயுக்களையும் அளக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுக்கும் இரத்த வாயுப் பரிசோதனையின் பரம்பரையில் அந்தக் கோடையும் இருக்கிறது.

இந்தக் கதையில் எங்களுக்கு முக்கியமானது இதுதான்: எண் முன்பே அங்கே இருந்தது. அளவீடு பிழையில்லை, அதற்குக் குடுத்த அர்த்தம்தான் பிழை. அளப்பது வேறு, அர்த்தம் சொல்வது வேறு.

மூச்சுத் தசைகள் பலவீனமாகும் நோய்களில் இன்றும் ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. நல்லா மூச்சை இழுத்துவிட்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்டு எண்ணச் சொல்வது. எதுவரைக்கும் போகிறது எண்டு பார்ப்பது. நேற்று முப்பது வரைக்கும் எண்ணின பிள்ளை இண்டைக்குப் பன்னிரண்டில் நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லியனுப்ப வேணும். இதில் இனமும் இல்லை, நாடும் இல்லை. பிள்ளையை அந்தப் பிள்ளையோடயே ஒப்பிடுகிறோம். இந்த விசயத்தை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

ஒரு செக்கன்

எவ்வளவு ஊதினாய் எண்ட கேள்வியோட, எவ்வளவு வேகமாக ஊதினாய் எண்ட கேள்வியும் சேர்ந்தது 1947 இல். பாரிஸில் டிஃபெனோவும் பினெல்லியும் முதல் ஒரு செக்கனுக்குள் வெளியே வரும் காற்றைத் தனியாக அளந்தார்கள். சுவாசக் குழாய்கள் ஒடுங்கியிருந்தால் மொத்தக் காற்று அவ்வளவு குறையாது, ஆனால் வெளியே வர நேரம் எடுக்கும். தொய்வு இருக்கிற ஆட்களுக்கு இது அனுபவத்தில் தெரியும்: உள்ளுக்கு இழுக்கலாம், வெளியேற்றத்தான் பாடு. அந்த ஒரு செக்கன் அளவுக்குத்தான் இன்று எஃப்.ஈ.வி.1 எண்டு பெயர்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எண்ட பரம்பரை நோயில் இந்த எண் பிள்ளைகளின் விதியாகவே மாறியது. நியூயோர்க்கில் வேலை செய்த டொரதி அண்டர்சன் 1938 இல் இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டு விவரித்தார். சளி தடித்துக் குழாய்களை அடைக்கும், கிருமி தொற்றும், சுவாசப்பை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். அந்தக் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூட வயதைக் காணவில்லை. பிறகு சிகிச்சைகள் வந்தன, பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒவ்வொரு கிளினிக்கிலும் ஊதினார்கள். 1992 இல் ரொறன்ரோவிலிருந்து 673 நோயாளர்களை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது: எஃப்.ஈ.வி.1 எதிர்பார்த்ததில் நூற்றுக்கு 30 ஐ விடக் குறைந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். அதற்குப் பிறகு 30 எண்டது ஒரு கோடாகியது. சுவாசப்பை மாற்றுவதற்குப் பிள்ளையை எப்போது அனுப்புவது எண்டு தீர்மானிக்க உலகம் முழுக்க அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். இப்ப விளங்குதா, 'எதிர்பார்த்தது' எண்ட சொல் ஏன் இவ்வளவு பாரமானது எண்டு?

ஊதத் தெரியாத பிள்ளைகள்

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் 'முழுப் பலத்தோட ஊது' எண்டு சொல்லிப் பாருங்கோ. சிரிக்கும், குழாயைக் கடிக்கும், அழும். ஊதத் தெரியாத பிள்ளைக்கும் சுவாசப்பை பழுதாகலாம். சொல்லப்போனால் பழுது தொடங்குவதே அந்த வயதில்தான்.

இதற்கு விடை ஒரு பழைய ஆய்வில் கிடந்தது. மார்கரெட் பெக்லேக் தென்னாபிரிக்காவில் வளர்ந்த வைத்தியர். ஜொகனஸ்பேர்க்கில் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் சுவாசப்பை நோய்களை ஆராய்ந்தவர், பிறகு மொன்றியலுக்குப் போய்விட்டார். 1952 இல், அதாவது கொப்பன்ஹேகன் பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்த அதே வருடம், அவர் ஒரு கட்டுரை எழுதினார். எண்ணம் இதுதான்: நாங்கள் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 நைதரசன். ஒருவருக்குத் தூய ஒட்சிசனை மட்டும் சுவாசிக்கக் குடுத்தால் உள்ளே இருக்கும் நைதரசன் மூச்சுக்கு மூச்சு கழுவுப்பட்டு வெளியே வரும். அது ஆரம்ப அளவின் 40 இல் ஒரு பங்காகக் குறைய எத்தனை சுவாசப்பை நிறையக் காற்று தேவைப்படுகிறது எண்டு பார்க்கலாம். சுவாசப்பை முழுதும் சீராகக் காற்றோடினால் கெதியாகக் கழுவுப்படும். சில மூலைகள் அடைபட்டிருந்தால் நேரம் எடுக்கும். வீட்டு வாய்க்கால் ஒரு பக்கம் அடைத்திருந்தால் ஊத்தைத் தண்ணி போக நேரம் எடுப்பது மாதிரித்தான்.

இதில் பிள்ளை பலமாக ஊதத் தேவையில்லை. முகமூடி வைத்து, கார்ட்டூன் போட்டு விட்டு, சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆனாலும் இந்த முறை பல பத்தாண்டுகள் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. வேகமாக வாயுக்களை அளக்கும் கருவிகளும் கணினிகளும் வந்த பிறகு மீண்டும் எழும்பியது. 2003 இல் சுவீடனில் பேர் குஸ்டாஃப்சனும் கூட்டாளிகளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊதும் சோதனையில் 'சாதாரணம்' எண்டு வந்த பிள்ளைகள் பலருக்கு இந்தச் சோதனை பழுதைக் காட்டியது. நோய் சிறிய குழாய்களில் முதலில் தொடங்குகிறது, ஊதும் சோதனை பெரிய குழாய்களைத்தான் நல்லாகக் காணும். சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த ஒரு பெண் எழுதிவைத்த கணக்கு அரை நூற்றாண்டு கழித்து மழலைகளுக்கு உதவியது.

ஊதத் தெரியாத பிள்ளைகளுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஆர்தர் டுபுவாவும் கூட்டாளிகளும் 1956 இல் விவரித்த அலைவு முறை அப்படி ஒன்று. பிள்ளை சாதாரணமாக மூச்சு விடும்போது வாய்வழியே சின்ன அழுத்த அலைகளை அனுப்பி, குழாய்கள் எவ்வளவு தடுக்கின்றன எண்டு பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையாலும் செய்ய முடியும்.

இருமல் வர முதல்

எந்தப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவை? தொய்வுக்காரருக்கு மட்டும் எண்டு நினைக்கிறம். அப்படி இல்லை.

இரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மச்சை மாற்றப்பட்ட பிள்ளையை எடுங்கோ. புற்றுநோய் போய்விட்டது, தலைமயிர் திரும்ப முளைத்துவிட்டது, குடும்பம் நேர்த்தியும் வைத்துவிட்டது. ஆனால் சிலரில், வேறொருவரிடமிருந்து வந்த கலங்கள் பிள்ளையின் சுவாசப்பையைத் தாக்கி, சிறிய குழாய்களைத் தழும்பாக்கி மூடிவிடும். மூச்சிரைப்பு வெளியில் தெரியும்போது இழந்தது பெரும்பாலும் திரும்பாது. ஒழுங்காக அளந்து வந்தால் வளைகோடு முதலில் சரிந்து காட்டும். சில புற்றுநோய் மருந்துகளும், முக்கியமாக பிளியோமைசின், நெஞ்சுக்குக் குடுக்கும் கதிர்வீச்சும், பல வருடம் கழித்துச் சுவாசப்பையை இறுக்கலாம். அரிவாள்கல நோயுள்ள பிள்ளைகளில் நெஞ்சுச் சிக்கல் திடீரெண்டு வந்து உயிரையே எடுக்கும்.

எங்கட நாட்டுக்குக் கிட்ட வந்தால் தலசீமியா. குருநாகலில் அதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்கிற அளவுக்கு இந்த நாட்டில் அது பெரிய பிரச்சினை. மாதா மாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளைகளின் உடம்பில் இரும்பு சேர்கிறது. இதயம், ஈரல் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சுவாசப்பையின் கொள்ளளவும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஒரு அறிகுறியும் இல்லாமலே. பிள்ளை ஓடி விளையாடவில்லை எண்டால் 'இரத்தம் குறைவு, களைப்பு' எண்டு விட்டுவிடுவார்கள். அளந்தால்தான் தெரியும்.

'மற்றவை'

அளந்தால், எதோட ஒப்பிடுவது? திரும்பவும் அதே கேள்விக்கு வாறம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கும் எண்டு தனித்தனியாக இருந்த காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நோயுள்ள பிள்ளை ஒரு பிறந்தநாளைத் தாண்டினதும் கணக்கு மாறும், நூற்றுக்கு இத்தனை எண்ட எண் திடீரெண்டு துள்ளும். பிள்ளையில் ஒரு மாற்றமும் இல்லை. இதைச் சரிசெய்ய, லண்டன் சிறுவர் சுகாதார ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெனட் ஸ்டொக்ஸ் போன்றவர்களும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 'குளோபல் லங் இனிஷியேட்டிவ்' எண்ட முயற்சியைத் தொடங்கினார்கள். 2012 இல் வெளிவந்த அவர்களின் கணக்கு 3 வயதிலிருந்து 95 வயது வரை ஒரே தொடராக ஓடுகிறது. 26 நாடுகளைச் சேர்ந்த, புகைக்காத, சுகதேகிகளான 74,187 பேரின் மூச்சு அதற்குள் இருக்கிறது. உண்மையிலேயே பெரிய உழைப்பு.

இப்ப அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்ப்பம். வெள்ளையர் 57,395. ஆபிரிக்க அமெரிக்கர் 3,545. வடகிழக்கு ஆசியர் 4,992. தென்கிழக்கு ஆசியர் 8,255. கூட்டினால் 74,187 சரியாக வந்துவிடுகிறது. அதில் தெற்காசியர் எங்கே? இல்லை. உலக சனத்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வாழும் நிலம் அந்த அட்டவணையில் ஒரு வரிசையாகக் கூட இல்லை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இன்னும் தரவு வேண்டும் எண்டு அவர்களே கட்டுரையில் எழுதினார்கள். எங்கட பிள்ளைக்கு இயந்திரத்தில் தெரிவு செய்ய இருந்த பெட்டி: 'மற்றவை'. மற்ற நாலு கூட்டத்தினதும் சராசரி.

இலங்கையில் பிறந்து, படிவங்களில் எந்தக் கட்டத்துக்குள் புள்ளடி போடுவது எண்ட கேள்வியோடயே வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் புதுசு இல்லை. ஆனால் இங்கே அது ஒரு பிள்ளையின் மூச்சின் அளவுகோல்.

பிறகு அமெரிக்காவில் இன அநீதி பற்றிய விவாதம் மருத்துவத்துக்குள்ளும் வந்தது. முயற்சியின் ஆய்வாளர்கள் இனப் பிரிவு இல்லாத புதிய கணக்கை உருவாக்கினார்கள். 2023 இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனி அதைப் பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. 170 வருடம் ஓடின ஒரு பொய்க்கு உத்தியோகபூர்வமாக முற்றுப்புள்ளி. இதை நாங்கள் வரவேற்கிறம். ஆனால் கைதட்டிப்போட்டு எழும்பிப் போக ஏலாது. புதிய கணக்கும் அதே 2012 தரவை வேறு விதமாக நிறுத்துப் போட்டதுதான். பெட்டிகளை எடுத்துவிட்டார்கள், நல்லது. எங்கட பிள்ளைகள் இன்னும் உள்ளே வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேணும். கோட்டை எல்லாருக்கும் ஒரே இடத்தில் போட்டால், சுகமான பிள்ளை நோயாளியாகத் தெரியும் ஆபத்தும் உண்டு. நோயாளி எண்டு எழுதுப்பட்டால் தேவையில்லாத மருந்து, சத்திரசிகிச்சை மறுப்பு, நாளைக்கு வேலை மறுப்பு எல்லாம் வரலாம். ஒரே உயரமான இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கால் நீளம், மற்றதுக்கு உடம்பு நீளம் எண்டால் நெஞ்சுக்கூட்டின் அளவு வேறாகத்தான் இருக்கும். ஆகவே வித்தியாசமே இல்லை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. வித்தியாசத்துக்கு 'இனம்' எண்டு பெயர் வைத்ததும் காரணம் தேடுவது நின்றுபோகிறது, அதுதான் பிரச்சினை.

காரணம் தேடினவர்கள் என்ன கண்டார்கள்? தென் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து அளந்தார்கள். 1990களின் நடுவிலிருந்து அங்கே காற்றுத் தூய்மையாகிக்கொண்டு வந்தது. 15 வயதில் எஃப்.ஈ.வி.1 எதிர்பார்த்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்த பிள்ளைகளின் பங்கு, மூன்று தலைமுறை மாணவர்களில் 7.9 இலிருந்து 6.3 ஆகி, பிறகு 3.6 சதவீதமாக இறங்கியது எண்டு 2015 இல் எழுதினார்கள். காற்றை மாற்றினார்கள், சுவாசப்பை வளர்ந்தது. அப்படியெண்டால் விறகடுப்புப் புகைக்குள் வளரும் பிள்ளை, தாயின் வயிற்றிலேயே போசாக்குக் குறைந்த பிள்ளை, லயன் அறையில் காற்றோட்டமில்லாமல் படுக்கும் பிள்ளை ஆகியோரின் மூச்சை அளந்து, 'இவர்களுக்கு இதுதான் சாதாரணம்' எண்டு ஒரு அட்டவணை போட்டால், நாங்களும் கூல்ட் செய்ததைத்தான் செய்கிறோம். வறுமையை உடம்புக்குள் எழுதி, அதற்கு இயல்பு எண்டு பெயர் வைப்பது.

என்ன கேட்க வேணும்

ஆகவே எங்கட பிள்ளைகளின் தரவு வேணும், ஆனால் எப்படிப்பட்ட தரவு? உயரம், வயது, பால் மட்டுமில்லாமல், இருந்த உயரம், பிறந்த நிறை, வீட்டு அடுப்பு, போசாக்கு எல்லாத்தோடயும் சேர்த்து எடுத்த தரவு. வடக்கில், கிழக்கில், மலையகத்தில், கொழும்புத் தோட்டங்களில் எடுத்த தரவு. 'எங்கட ஆட்களுக்கு இவ்வளவுதான்' எண்டு கோட்டைக் கீழே இறக்க இல்லை. கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளையை எது கீழே பிடிச்சு வைச்சிருக்குது எண்டு கண்டுபிடிக்க.

அதுவரைக்கும் கையில் இருக்கிற நல்ல கருவி, போலியோக் கட்டிலுக்குப் பக்கத்தில் கற்ற பழைய பாடம்தான்: பிள்ளையை அதே பிள்ளையோட ஒப்பிடுவது. தலசீமியாப் பிள்ளைக்கும், எலும்பு மச்சை மாற்றின பிள்ளைக்கும், தசை பலவீனமான பிள்ளைக்கும் ஒரு தரம் அளந்து கோப்பில் போட்டால் போதாது. ஒழுங்காக, திரும்பத் திரும்ப அளந்து, எண்களை ஒரே கொப்பியில் எழுதி, கோடு எந்தப் பக்கம் போகுது எண்டு பார்க்க வேணும். எதிர்பார்த்தது ஆருடைய எண் எண்டாலும், போன தடவை 1.6 லீற்றர் ஊதின பிள்ளை வளர்ந்த பிறகும் 1.4 தான் ஊதுது எண்டால் அதற்கு எந்த நாட்டு அட்டவணையும் தேவையில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மா அப்பாமாருக்கும் நாங்கள் சொல்வது அதுதான். கடதாசியின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கோ. சதவீதத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை லீற்றர் எண்டும் பாருங்கோ. இந்த 'எதிர்பார்த்த' கணக்கு எந்தக் கணக்கு எண்டு கேளுங்கோ, போன தடவையும் அதே கணக்குத்தானா எண்டு கேளுங்கோ. கேட்பது உங்கட உரிமை, அந்த மூச்சு உங்கட பிள்ளையுடையது.